மூன்று முறை சென்றும் பூட்டியிருந்தது

ஒன்றரை வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஊருக்கு வரவில்லை. அப்பா ஏதோ படிக்கிறார் என்று அம்மா உங்களிடம் சொல்லியிருந்தாள். என்ன படிப்பு, எதற்கு என்று நீங்கள் இரண்டு பேருமே கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அப்போது என்னால் சரியாகச் சொல்லியிருக்க முடியாது. அதனால் இப்போது எழுதி வைக்கிறேன். பெரியவள் முதலில் படித்துவிட்டு, சின்னவனுக்குப் புரியாத இடங்களைச் சொல்லிக் கொடுக்கவும்.

நான் வேலை பார்த்தது தி.நகரில் ஒரு தனியார் கணக்கெடுப்பு நிறுவனத்தில். ஓர் இடத்தில் சாலை போடவோ, ஆற்றைச் சீர் செய்யவோ போகிறார்கள் என்றால், அங்கே எத்தனை வீடு, யார் யார் இருக்கிறார்கள் என்று முதலில் பட்டியல் எடுக்க வேண்டும். அந்த வேலை எங்களிடம் வரும். வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்புவோம். கதவில் சிவப்புப் பெயிண்டால் எண் போடுவோம். பதினாறு வருஷம் இதைத்தான் செய்தேன். உங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் அப்பா என்ன வேலை என்று கேட்டால் 'ஆபீஸ்' என்று சொல்வீர்கள். ஆபீஸில் நான் உட்கார்ந்தது மிகக் குறைவு.

உங்கள் அம்மாவுக்குச் செய்யாறு அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. நீங்கள் அவளோடு. நான் மயிலாப்பூரில் ஒரு மொட்டை மாடி அறையில். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் பிடித்து வந்து, திங்கள் விடியற்காலை திரும்புவேன். உங்களோடு இருந்தது அந்த ஒரு நாள்தான். படிப்புக்காக அந்த ஒரு நாளையும் விட்டேன். காரணம் பெரிய லட்சியம் எல்லாம் இல்லை. மேற்பார்வையாளர் ஆக முதுநிலைப் படிப்பு வேண்டும் என்று நிறுவனத்தில் ஒரு விதி கொண்டுவந்தார்கள். எனக்கு அதற்கு முன் இருந்தது அஞ்சல் வழியில், மூன்றாம் வகுப்பில் வாங்கிய ஒரு பி.ஏ. மட்டும். நாற்பத்தாறு வயதுக்கு மேல் வெயிலில் கதவு தட்டிக்கொண்டிருக்க முடியாது என்று தோன்றியது. வேலையில் இருப்பவர்கள் வார இறுதியில் படிக்கலாம் என்று ஒரு விளம்பரம் பார்த்துச் சேர்ந்தேன்.

படிப்பின் பெயர் நீளம். வறுமை, நிலம், வேளாண் சீர்திருத்தம் பற்றிய முதுநிலைப் பட்டயம். வகுப்பு அடையாறில், சனி ஞாயிறு இரண்டு நாளும், காலை ஒன்பதரையிலிருந்து நாலு வரை. முதல் நாள் ஒவ்வொருவராக எழுந்து தங்களைப் பற்றிச் சொன்னார்கள். வங்கியில் விவசாயக் கடன் பார்க்கும் ஓர் அதிகாரி அம்மா, வருவாய்த் துறை அதிகாரி ஒருவர், பத்திரிகைக்காரர் ஒருவர், தொண்டு நிறுவனங்களில் வேலை செய்யும் சின்னப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர். எல்லோரும் ஆங்கிலத்தில் பேசினார்கள். என் முறை வந்தபோது, "வீட்டுக் கணக்கெடுப்பு" என்று தமிழில் சொன்னேன். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை என்று பட்டது. உட்கார்ந்துவிட்டேன்.

படிக்கக் கொடுத்ததெல்லாம் ஆங்கில ஜெராக்ஸ். ஒரு பக்கத்துக்கு எனக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு, இடது பக்கம் ஆங்கில வார்த்தையும் வலது பக்கம் தமிழும் எழுதிக்கொண்டு போவேன். குத்தகை, வாரம் என்கிற விளைச்சல் பங்கு, நில உச்சவரம்பு, பட்டா மாறுதல். தமிழில் எழுதியதும் பாதி புரிந்துவிடும். மீதிப் பாதிக்கு யாரையாவது கேட்க வேண்டும். கேட்க வெட்கமாக இருக்கும்.

டீ இடைவேளையில் அவர்கள் படிக்கட்டில் கும்பலாக நின்று பேசுவார்கள். யாரும் என்னை ஒதுக்கியதில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். பக்கத்தில் போனால் நகர்ந்து இடம் விடுவார்கள். ஆனால் பேச்சு நின்றுவிடும். எனக்காகத் தமிழுக்கு மாறி, 'அப்புறம் சார், எப்படி இருக்கீங்க' என்பார்கள். நன்றாக இருக்கிறேன் என்று சொன்னதும் அதோடு முடிந்துவிடும். அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நான் தண்ணீர் கேன் பக்கத்திலேயே நின்றுகொள்வேன். நாலு பேர் சேர்ந்து செய்யும் வேலைக்காக என்னை ஒரு வாட்ஸப் குழுவில் சேர்த்திருந்தார்கள். அவர்கள் எழுதுவதற்கெல்லாம் கட்டைவிரல் படம் போடுவேன். ஒன்றரை வருஷத்தில் நான் அந்தக் குழுவில் எழுதிய ஒரே வார்த்தை 'ஓகே'.

மத்தியானம் ஒன்றரை மணிக்கு உங்களுக்குப் போன் செய்வேன். சின்னவன், மேட்ச் ஓடுகிறது என்று சொல்லி அக்காவிடம் கொடுத்துவிடுவான். அவள் "சாப்டீங்களாப்பா" என்பாள். சாப்பிட்டேன் என்பேன். பின்னால் குக்கர் சத்தமோ, பக்கத்து வீட்டு நாய்ச் சத்தமோ கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். வைத்துவிடட்டுமா என்று அவள் கேட்டதும் சரி என்பேன்.

சாயங்காலம் வகுப்பு விட்டு பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போதுதான் மிகவும் கஷ்டமாக இருக்கும். பெசன்ட் நகர் கடற்கரையிலிருந்து வரும் பஸ்ஸில் குடும்பம் குடும்பமாக ஏறியிருப்பார்கள். குழந்தைகள் கால் முழுக்க மணல். ஒரு முறை யாருடைய குழந்தையோ ஈரச் செருப்பை என் ஜெராக்ஸ் பை மேல் வைத்துவிட்டது. அதன் தகப்பன் 'சாரி சார்' என்று சொல்லி எடுக்கப் போனார். இருக்கட்டும் என்று சொல்லி, மந்தைவெளி வரை அந்தச் செருப்பை நானே மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

இரண்டாவது பருவத்தில் குத்தகை பற்றிய பாடம் வந்தது. எங்கள் ஆசிரியை என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். கண்டிப்பானவர், ஆனால் யாரையும் சிறுமைப்படுத்த மாட்டார். அவர் சொன்ன விஷயம் இதுதான். அடுத்தவர் நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறவர்களின் பெயரை அரசுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்தது. பெயர் ஏறியவரை நிலத்தை விட்டு லேசில் கிளப்ப முடியாது. ஆனாலும் உழுதுகொண்டிருந்த எத்தனையோ பேரின் பெயர் ஏறவே இல்லை.

அவர் வகுப்பைப் பார்த்துக் கேட்டார்: "நிலத்துல அவர் நிக்கிறார். பட்டியல்ல அவர் இல்ல. எப்படி இல்லாம போனார்?"

ஆளுக்கு ஒரு பதில் சொன்னார்கள். நிலக்காரரின் செல்வாக்கு என்றார் ஒருவர். சாதி என்றார் இன்னொருவர். சட்டத்தில் ஓட்டை இருக்கிறது என்று வருவாய்த் துறைக்காரர் பிரிவு எண்ணோடு சொன்னார். எல்லாம் சரிதான். ஆனால் எனக்கு வேறொன்று தெரிந்திருந்தது. அது படித்துத் தெரிந்துகொண்டது இல்லை. அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கையைத் தூக்கினேன்.

"போனேன்னு எழுதியிருப்பாங்க மேடம். போயிருக்க மாட்டாங்க," என்றேன்.

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். நாங்களும் அப்படித்தான் எழுதுவோம் என்று சொல்லி, எப்படி என்று விளக்கினேன். சிரித்த முகங்கள் ஒவ்வொன்றாக மாறியதை, சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தேன்.

உங்களுக்கும் அதைச் சொல்ல வேண்டும். பூட்டியிருக்கும் வீட்டுக்கென்று படிவத்தின் கடைசியில் மூன்று வரிசை இருக்கும். முதல் வருகை, இரண்டாம் வருகை, மூன்றாம் வருகை. ஒவ்வொன்றுக்கும் தேதி, நேரம். மூன்றும் வெவ்வேறு நாளாக இருக்க வேண்டும், ஒன்றாவது சாயங்காலமோ விடுமுறை நாளோ ஆக இருக்க வேண்டும் என்பது விதி. மூன்று முறையும் பூட்டியிருந்தால்தான் அந்த வீட்டில் யாரும் குடியில்லை என்று எழுதலாம். ஆனால் ஒரு நாளைக்கு இத்தனை வீடு முடிக்க வேண்டும் என்று எங்களுக்குக் கணக்கு இருந்தது. போன சந்துக்கே மறுபடி போனால் அந்தக் கணக்கு முடியாது. அதனால் ஒரு முறை போய்ப் பார்ப்போம். பிறகு டீக்கடையில் உட்கார்ந்து மற்ற இரண்டு வரிசையையும் நிரப்பிவிடுவோம். முதல் வரிசை நீலப் பேனா. இரண்டாவது கறுப்பு. மூன்றாவது மறுபடி நீலம், கையெழுத்தைக் கொஞ்சம் சாய்த்து. ஒரே மூச்சில் எழுதியது போலத் தெரியக் கூடாது அல்லவா. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் வாரமே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவோம். திருட்டு வேலை என்று யாரும் நினைத்ததில்லை. படிவத்தைச் சுத்தமாக முடிப்பது என்றுதான் அதற்குப் பெயர். எழுதி முடித்துவிட்டு, அந்த வீட்டுக் கதவில் எண்ணுக்குக் கீழே சிவப்பில் ஒரு கோடு இழுத்துவிட்டு வருவோம்.

ஆசிரியை கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தார். பிறகு, "அந்த வீடுகள்ல இருந்தவங்க இப்ப எங்க இருக்காங்க சார்?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன். அதையே உங்கள் களக் கட்டுரையாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். களக் கட்டுரை என்பது ஒவ்வொருவரும் நேரில் போய் விசாரித்து எழுத வேண்டியது. அதில் தேறாவிட்டால் பட்டயம் கிடையாது.

அடையாற்றங்கரையில், ஏழு வருஷத்துக்கு முன் நான் கணக்கெடுத்த ஒரு குடியிருப்பு இருந்தது. அங்கே என் பங்குக்கு வந்த சந்தில் பதினோரு கதவுகளில் கோடு இழுத்திருந்தேன். எண்ணிக்கை எப்படி நினைவிருக்கிறது என்றால், அன்றைக்குப் பெயிண்ட் தீர்ந்துபோய், பதினோராவது கோட்டைத் தண்ணீர் கலந்து இழுத்தேன். வெளிறிப் போயிருந்தது. ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்து அங்கே போனேன். சந்து இல்லை. நீல நிறத் தகர வேலி, அதற்குப் பின்னால் செடி நட்டிருந்த நடைபாதை. வேலி ஓரமாக ஒருவர் நாயைக் கூட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்.

பெரிய தெருவில் டீக்கடை மட்டும் அப்படியே இருந்தது. கடைக்காரருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. வீடுகளை இடித்தபோது மற்றவர்களுக்கெல்லாம் டோக்கன் கொடுத்து, ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு ஒதுக்கிவிட்டார்கள், கோடு போட்ட வீட்டுக்காரர்களுக்கு மட்டும் ஒன்றும் இல்லை என்றார். யாராவது பக்கத்தில் இருக்கிறார்களா என்று கேட்டேன். ஓர் அம்மா மயிலாப்பூரில் சமையல் வேலைக்கு வருகிறார், பதினொரு மணி வாக்கில் கோயில் குளத்துப் பக்கம் பஸ்ஸுக்கு நிற்பார் என்றார். நான் குடியிருந்ததும் அங்கேதான். ஆறேழு வருஷமாக அவர் என்னைத் தாண்டிப் போயிருக்கலாம்.

அடுத்த வாரம் ஒரு நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். ஐம்பது வயசு இருக்கும். ஒல்லி, வேகமான நடை, கையில் ஒரு துணிப்பை. படிப்புக்காக ஒரு கட்டுரை எழுதுகிறேன், ஆற்றங்கரை வீட்டைப் பற்றிக் கேட்க வேண்டும் என்றேன். மேலும் கீழும் பார்த்தார்.

"இந்த வயசுல படிக்கிறியா நைனா? இன்னா படிப்பு?"

"வறுமை, நிலம், அதப் பத்திதான்க்கா."

"வறுமைக்கு ஒரு காலேஜு கீதா?" என்றார். "தெரிஞ்சிருந்தா நானே வாத்தியாரா வந்திருப்பேனே."

பஸ் வரும் வரை சொன்னார். புருஷன் இல்லை. ஒரே மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார். ஆற்றங்கரையில் இருபத்திரண்டு வருஷம் இருந்தார். தினமும் ஐந்தே கால் மணிக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பி, மூன்று வீட்டில் சமைத்துவிட்டு, மத்தியானம் திரும்புவார். மறுபடி நாலு மணிக்குப் போனால் எட்டு. ரேஷன் கார்டு சிந்தாதிரிப்பேட்டையில் அண்ணன் வீட்டு விலாசத்திலேயே இருந்துவிட்டது, மாற்றவில்லை. வாக்காளர் அட்டை வெள்ளத்தில் போய்விட்டது. வீடு இடிபட்ட பிறகு அதே அண்ணன் வீட்டில், மாடிப்படிக்குக் கீழே படுத்துக்கொள்கிறார். அண்ணன் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. அந்த இடமும் இனிமேல் இல்லை. வீடு கேட்டு மனு மேல் மனு போட்டு, கடைசியாக விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அதற்கு இன்னும் மூன்று வாரம்.

"நீ அங்க இருந்ததுக்கு ரிக்கார்டு எங்கன்றாங்க. மூணு தபா வந்து பார்த்தாங்களாம், மூணு தபாவும் வூடு பூட்டிகினு இருந்துச்சாம். நோட்டுல தேதி, டைமு எல்லாம் கரெக்டா எழுதி வெச்சிக்கிறாங்க. நான் வாயால சொன்னா எவன் கேக்கறான்?"

கதவில் என்ன எண் என்று கேட்டேன். நூற்று நாற்பத்து மூன்று என்றார். நூற்று இருபதிலிருந்து நூற்றுத் தொண்ணூறு வரை என் பங்கு.

அவருக்கு வேண்டியது ஒரே ஓர் ஆள். வீடு பூட்டியிருந்தது, ஆனால் யாரும் மூன்று முறை வரவில்லை என்று எழுதிக் கொடுக்கிற ஆள். அந்த ஆள் அவர் பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தான். நான் நன்றி சொல்லிவிட்டு, நோட்டை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த வாரம் எங்கள் மேற்பார்வையாளரிடம் சுற்றி வளைத்துப் பேச்சுக் கொடுத்தேன். அவருக்கு முப்பத்திரண்டு வயது, என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். கெட்டவர் இல்லை. யாரோ ஒருவர் இப்படி எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். யாரோ ஒருவர் யார் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஒரு வீட்டுக்கு எழுதிக் குடுத்தா மொத்தப் படிவக் கட்டையும் பிரிப்பாங்க அண்ணே," என்றார். "உங்க கட்டு, என் கட்டு எல்லாம். என் முதல் வேலையே அந்தக் கரைதான். நீங்கதான் எனக்குப் பேனா மாத்தச் சொல்லிக் குடுத்தீங்க."

அது உண்மை. நான் மறந்திருந்தேன்.

கட்டுரையை எழுதினேன். தமிழில் எழுதலாம் என்று ஆசிரியை எனக்கு மட்டும் சலுகை கொடுத்திருந்தார். நாற்பது பக்கம். குத்தகைப் பதிவேட்டில் ஏறாத உழவர்களையும், பட்டியலில் ஏறாத வீட்டுக்காரர்களையும் ஒப்பிட்டு, படித்ததை எல்லாம் போட்டு எழுதினேன். 'சில கணக்கெடுப்பாளர்கள் மறுமுறை செல்லாமலே படிவத்தை நிறைவு செய்ததாகத் தெரியவருகிறது' என்று ஒரு வரி. அந்த வரி வரும் வரை நன்றாகத்தான் இருந்தது என்று நினைக்கிறேன். ஆசிரியை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மற்ற பக்கங்களில் எழுத்துப் பிழைகளைத் திருத்தியிருந்தார். அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் 'யார்?' என்று மட்டும் எழுதியிருந்தார். வகுப்பில் நான் கை தூக்கிச் சொன்னது அவருக்கு நினைவில்லாமல் இருக்குமா?

உங்கள் அம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். நர்ஸ் வேலையில் அவள் எத்தனையோ பேருடைய சொல்ல முடியாத விஷயங்களைக் கேட்டவள். முழுக்கக் கேட்டாள். கடைசியில், "என்னைக் கேட்டுட்டு செய்யாதீங்க. நான் வேணாம்னு சொல்லிட்டா காலம் பூரா என் மேல பழி போடுவீங்க," என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது நியாயம் என்பது அதற்கு அடுத்த நாள்தான் உறைத்தது. அதற்கப்புறம் மூன்று நாள் நான் யாரோடும் பேசவில்லை. பேச யாரும் இருக்கவும் இல்லை. மாடியிலிருந்து பார்த்தால் கீழ் வீட்டுக்காரர்கள் துணி காயப்போடுவது தெரியும். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேலை போனால் உங்களை என்ன செய்வது என்று நினைத்தேன். பழக்கதோஷம், மூன்றாவது தடவையாவது அந்தச் சந்துக்குப் போயிருந்தால் என்று ஒரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். போயிருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் ஆகியிருக்கும். அவ்வளவுதான்.

நாலாம் நாள் காலையில், அவர் பேச்சில் சொல்லியிருந்த அடையாளத்தை வைத்து, அவர் வேலை செய்யும் வீட்டு வாசலிலேயே போய் நின்றேன். வெளியே வந்தவர், "இன்னா நைனா, பரிச்சையா?" என்றார். அந்தக் கோட்டைப் போட்டது நான்தான் என்றேன்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. மறுபடி சொன்னேன். பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"எத்தினி மணிக்கு வந்தே?"

"காலைல ஏழரை."

"ஏழரைக்கு நான் இங்க பருப்பு வேக வெச்சிகினு இருப்பேன். பூட்டாம தொறந்து போட்டுட்டா வருவாங்க?" பிறகு, "மத்த ரெண்டு தபா?" என்றார்.

"வரலக்கா."

"வராம இன்னாத்துக்கு எழுதுன?"

எத்தனையோ பதில் யோசித்து வைத்திருந்தேன். வேலைச் சுமை, மேலிடத்து அவசரம், எல்லோரும் அப்படித்தான் என்பது. வாயில் வந்தது வேறு. "எழுதறதுக்குக் கட்டம் இருந்துச்சு," என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். கேட்டின் கம்பியைப் பிடித்தபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். விசாரணைக்கு நான் வந்து எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். அவர் நடந்து போய்விட்டார். பஸ் நிறுத்தம் வரை பின்னாலேயே போனேன். பஸ் வந்தது, ஏறினார், ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். என் பக்கம் பார்க்கவே இல்லை.

திரும்பி வரும்போது அந்த வீட்டு மாமி வாசலில் நின்றுகொண்டிருந்தார். பேசியதெல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

"நான் எழுதித் தரேன்," என்றார். "பதினெட்டு வருஷமா காலம்பற அஞ்சே முக்காலுக்கு இந்தாத்துல இருப்பா. ஒரு நாள் லேட்டா வந்தாக்கூட ஆத்தங்கரைலேர்ந்துதானே வரேன் மாமின்னு சொல்லிண்டே வருவா. எங்கிட்ட யாராவது வந்து கேட்டேளா?"

யாரும் கேட்கவில்லை. மாமியை யார் கேட்பார்கள்? அவர் அந்தப் பட்டியலிலேயே கிடையாது.

விசாரணை நாளன்று, இரண்டு கடிதங்களோடு அந்த அலுவலகத்துக்குப் போனேன். ஒன்று மாமியுடையது. இன்னொன்று நான் எழுதியது, ஒரே பேனாவில், ஒரே பக்கம். அவர் முன்பே வந்து பெஞ்சின் ஒரு கோடியில் உட்கார்ந்திருந்தார். நான் மறு கோடியில் உட்கார்ந்தேன். கூப்பிட ஒரு மணி நேரம் ஆயிற்று. உள்ளே இருந்த அதிகாரி என் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். பழைய படிவத்தை எடுக்கச் சொல்லிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். என் கையெழுத்து எனக்கு எதிரே இருந்தது. நீலம், கறுப்பு, நீலம்.

"இத நீங்களே மனசறிஞ்சு எழுதிக் குடுக்கறீங்களா? பின்னாடி கட்டாயப்படுத்தினாங்கன்னு சொல்ல மாட்டீங்களே?" என்று கேட்டார். மாட்டேன் என்றேன். அப்போதுதான் அந்த அம்மா அன்றைக்கு முதல் முறையாக என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அவர் பெயரைக் கூடுதல் பட்டியலில் சேர்த்து உத்தரவு வர நாலு மாதம் ஆயிற்று. வீடு கிடைத்தது, நகரத்துக்கு வெகு தூரத்தில், ஆறாவது மாடி. அங்கிருந்து ஐந்தே முக்காலுக்கு மயிலாப்பூர் வந்து சேர முடியாது. மாமி வீட்டு வேலையை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். நான் செய்தது நல்லதா என்று கேட்டால் எனக்கு முழுதாகச் சொல்லத் தெரியவில்லை. என் ஒப்பந்தத்தை நிறுவனம் அந்த மாதக் கடைசியோடு முடித்துக்கொண்டது. மேற்பார்வையாளரும் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டார். இப்போது போன் செய்தால் எடுப்பதில்லை. அண்ணே என்று அவர் கூப்பிடுவது சில நாள் காதில் கேட்கும். நான் இப்போது ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருப்பது உங்களுக்குத் தெரியும். ஏன் வேலை மாறினீர்கள் என்று பெரியவள் கேட்டதற்கு, வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். அது பொய். கட்டுரையில் அந்த ஒரு வரியை மாற்றி, 'நான்' என்று எழுதிக் கொடுத்தேன். தேறிவிட்டேன். மேற்பார்வையாளர் ஆவதற்காக வாங்கிய பட்டயம், மேற்பார்வை செய்ய வேலை இல்லாத நேரத்தில் தபாலில் வந்தது.

ஆனால் விசாரணை அன்று நடந்த ஒன்றை இன்னும் சொல்லவில்லை. வெளியே வந்ததும் நான் விறுவிறுவென்று படியிறங்கினேன். அவர் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. பின்னாலிருந்து "நைனா, நில்லு" என்று குரல் வந்தது. மன்னித்துவிட்டேன் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். எனக்கு அது வேண்டும் போலவும் இருந்தது.

அவர் அதைச் சொல்லவில்லை. படியில் உட்கார்ந்துகொண்டு, "நோட்டு வெச்சிக்கிறியா?" என்றார். எடுத்தேன்.

"நீ கோடு போட்ட மத்த வூட்டாளுங்கள எழுதிக்க. நூத்தி இருபத்தி எட்டு. பூக்கட்றவ. இப்ப கோடம்பாக்கத்துல தங்கச்சி வூட்ல கீறா. காலீல மார்க்கெட்டு போய்டுவா. ரெண்டு மணிக்கு மேல போ. நூத்தி அம்பது, ஆஸ்பத்திரில கூட்றவரு. நைட் டூட்டின்னா பகல்ல தூங்குவாரு, கதவத் தட்டிகினே இரு, எழுந்துப்பாரு. நூத்தி அறுபத்தி ரெண்டு..."

நான் எழுதிக்கொண்டே வந்தேன். ஒவ்வொருவருக்கும் எண், இடம், எந்த நேரத்தில் வீட்டில் இருப்பார்கள் என்பது. நாலு பேருக்குச் சொன்னார். மீதி ஆறு பேர் எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை. எழுதி முடித்ததும் நோட்டை வாங்கிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது, எண்கள் மட்டும் தெரியும். விரலை வைத்து நாலு எண்ணையும் நேரத்தையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். ஓர் இடத்தில் நான் ஒரு மணி என்று எழுதியிருந்தேன். "ரெண்டு," என்றார். அடித்துத் திருத்தினேன்.